மூலதனத்துக்கு ஒரே பெட்டி போதாது

கேள்வி: மருதமுனையில் வாப்பா விட்டுப்போன தறிக்கூடத்தை நான் நடத்துகிறேன். 9 கைத்தறி இருக்கிறது, நெய்ய ஆள் இல்லாததால் 6 தான் ஓடுகிறது. சாறனும் சாரியும் நெய்கிறோம். பெரும்பகுதி கொழும்பில் ஒரு மொத்த வியாபாரிக்குப் போகிறது. சாயம் போடும் பெரியவருக்கு 71 வயது. கட்டாரில் இருக்கும் சாச்சா 18 லட்சம் ரூபா தருவதாகச் சொல்கிறார். பாவித்த விசைத்தறி இரண்டு வாங்கலாமா, கல்முனையில் கடை எடுக்கலாமா, இணையத்தில் விற்க ஒரு தளம் செய்யலாமா என்று வீட்டில் மூன்று கருத்து. வார்ட்லி வரைபடம் என்ற முறையைப் பார்த்து நானே ஒன்று வரைந்து அனுப்பியிருக்கிறேன். மூலதனத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடியில் ஒரு பெட்டி போட்டேன். சரியா? விசைத்தறிக்காரர் மாத முடிவுக்குள் பதில் கேட்கிறார்.

மருதமுனை வாசகர்

பதில்:

தம்பி, உங்கள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாங்குபவரை உச்சியில் வைத்து, அவருக்கு வேண்டியதைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். சாறன், நெசவு, பாவு (தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகள்), சாயம், நூல், தறி என்று வரிசை ஒழுங்காக வந்திருக்கிறது. முதல் தடவை வரைகிறவர்கள் பலர் தங்கள் கடையையே உச்சியில் வைத்துவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. கோளாறு அடியில் இருக்கிறது. 'மூலதனம், 18 லட்சம்' என்று ஒரு பெட்டி. எல்லாக் கோடும் அதில் போய் முடிகிறது. வீட்டில் மூன்று கருத்து ஓடுவதற்கும் அந்தப் பெட்டிதான் காரணம் என்று நினைக்கிறேன். அது ஒன்றாக இருக்கும்வரை விசைத்தறியும் கடையும் இணையத்தளமும் 18 லட்சத்தைச் செலவழிக்கும் மூன்று வழிகளாகவே தெரியும். உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது, அதில் எது கைநழுவிக்கொண்டிருக்கிறது என்பது தெரியாது.

இந்த முறையைக் கேள்விப்படாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரித்தானியாவைச் சேர்ந்த சைமன் வார்ட்லி, கேனன் நிறுவனத்துக்குச் சொந்தமான ஃபொட்டாங்கோ என்ற இணையப் புகைப்பட நிறுவனத்தை நடத்திய காலத்தில், 2005இல் உருவாக்கியது இது. கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டிருக்கிறார், எவரும் காசு கொடுக்காமல் பாவிக்கலாம். மேலிருந்து கீழாக வாங்குபவரும் அவருக்குத் தேவையானவையும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றும் எவ்வளவு முதிர்ந்துவிட்டது என்பது. இடது ஓரத்தில் புதிதாக முளைத்தவை. அடுத்தது ஒவ்வொருவரும் தமக்கென்று செய்வித்துக்கொள்பவை. பிறகு கடையில் வாங்கும் பொருட்கள். வலது ஓரத்தில், யாரிடம் வாங்கினாலும் ஒன்றாகவே இருக்கும் பண்டங்கள்.

சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களில் இந்த நகர்வைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். மாடு விட்டுச் சூடு மிதித்த காலம் ஒன்று இருந்தது. அப்புறம் உழவு இயந்திரம் வைத்திருந்த போடியாரிடம் (பெரிய வயல்காரரிடம்) போய் நிற்க வேண்டியிருந்தது. இன்று வெட்டு மெசினை ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிப் பிடிக்கிறோம். மெசின் யாருடையது என்று எவரும் கேட்பதில்லை, எப்போது வயலுக்கு வரும் என்றுதான் கேட்கிறார்கள். இப்படி வலப்பக்கம் தள்ளுவது போட்டி. வேண்டுபவர்களும் கூடுகிறார்கள், கொடுப்பவர்களும் கூடுகிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் கிடைக்கோட்டுக்கு அடியில் ஆண்டுகளைக் குறித்திருக்கிறீர்கள், அதை அழித்துவிடுங்கள். ஒன்று எவ்வளவு பரவிவிட்டது, அதைப் பற்றி எவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்ற இரண்டும்தான் அங்கே அளவு. காலத்தை வைத்து அளக்க முடியாது.

இனி அந்தப் பெட்டியைத் திறப்போம். வார்ட்லி நான்கு வகை மூலதனத்தைப் பேசுகிறார்: செய்யும் வேலைகளும் சாதனங்களும், அவற்றைச் செய்யும் முறை, தரவு, அறிவு. நான்கும் இடமிருந்து வலமாகத்தான் நகர்கின்றன, ஆனால் படிகளின் பெயர் ஒவ்வொன்றுக்கும் வேறு. செய்முறை புதியதாகத் தொடங்கி, மெல்லப் பரவி, நல்ல முறை என்று பெயரெடுத்து, எல்லோரும் பின்பற்றும் சிறந்த முறையாக நிலைக்கிறது. தரவு முதலில் ஒழுங்கில்லாமல் கிடக்கும். பிறகு ஆளுக்கொரு விதமாகக் குறிப்பார்கள். பிறகு ஒரே விதத்துக்கு வரும். கடைசியில் அதை வைத்துக் கணிக்கலாம். அறிவு என்றால் ஓர் எண்ணம், கருதுகோள், கோட்பாடு, எல்லோரும் ஒப்புக்கொண்டது என்ற வரிசை.

பணமும் உறவும் இந்த நான்கில் தனியாக வரவில்லை. நம் பக்கத்துத் தொழில்களுக்கு அவை இல்லாமல் வரைபடம் நிற்காது, ஆகவே நான் சேர்த்துக்கொள்கிறேன். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு மூலதனத்தைப் பொருளாதாரம், பண்பாடு, சமூகம் என்று பிரித்தபோது ஒன்றை அழுத்திச் சொன்னார்: உடம்பில் ஊறிய திறமையைப் பணம் போலக் கைமாற்ற முடியாது, அது அந்த ஆளோடு தேய்ந்து அந்த ஆளோடு போய்விடும். உங்கள் சாயக்காரப் பெரியவரின் வயதைப் படித்ததும் எனக்கு இதுதான் மனதில் வந்தது.

இந்த வகைகள் ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பதுதான் இந்தப் பதிலில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம். அதற்கு உங்கள் தொழிலிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது: அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலச்சாயம்.

ஜெர்மனியில் அடோல்ஃப் ஃபொன் பையர் 1865இல் நீலச்சாயத்தை ஆராயத் தொடங்கினார். 1880இல் ஆய்வுகூடத்தில் அதைச் செய்தும் காட்டினார். 1883இல் அதன் மூலக்கூற்றின் அமைப்பு தெளிவானது. அறிவு என்ற மூலதனம் கருதுகோளிலிருந்து நிலைத்த அறிவாகிவிட்டது. ஆனால் சந்தையில் ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் அந்த முறையில் செய்தால் செடியிலிருந்து எடுப்பதைவிடச் செலவு கூட. செய்முறை இன்னும் இடப்பக்கத்தில் கிடந்தது. அதை வலப்பக்கம் இழுத்துவர பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் இரசாயன நிறுவனத்துக்கு 1897 வரை பிடித்தது. அந்த ஆண்டு செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபோது, செடியிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 19,000 டன் நீலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் இந்தியாவில். 1914இல் அது 1,000 டன்னுக்கு வந்துவிட்டது. அறிவு முன்னால் போனது, செய்முறை அதன் பின்னால் வந்தது, பொருள் அதற்கும் பின்னால். நிலத்திலும் தொட்டியிலும் போட்ட காசுதான் கடைசியில் அகப்பட்டுக்கொண்டது. 1883க்கும் 1897க்கும் இடையில் புதிதாக அவுரித் தோட்டம் வாங்கியவருக்கு அன்றைய கணக்கில் எல்லாம் இலாபமாகவே தெரிந்திருக்கும்.

அந்த நட்டம் யார் தலையில் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பீகாரின் சம்பாரணில் தோட்ட முதலாளிகள், அவுரி பயிரிடும் கட்டாயத்திலிருந்து விடுவிக்கிறோம் என்று சொல்லி விவசாயிகளின் குத்தகையை உயர்த்தினார்கள், இன்னும் சிலரிடம் மொத்தமாகப் பணம் கறந்தார்கள். காந்தி 1917இல் அங்கே போனது இந்த முறைப்பாடுகளைக் கேட்கத்தான். மூலதனம் தப்பான இடத்தில் மாட்டிக்கொண்டால் முதலாளி மட்டும் நட்டப்படுவதில்லை, அதைக் கீழே இறக்கப் பார்ப்பார். உங்கள் கூடத்தில் அந்தக் கீழ் இடத்தில் இருப்பவர்கள் தறிக்காரர்களும், தார் (குறுக்கிழை நூல்) சுற்றும் பெண்களும். விசைத்தறியில் போட்ட காசு திரும்பி வராவிட்டால் முதலில் குறைக்கத் தோன்றுவது அவர்களின் கூலியாகத்தான் இருக்கும். இதை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது உங்கள் கூடத்துக்குள் வருவோம்.

சாதனம் எளிது. கைத்தறியை நல்ல தச்சர் செய்து கொடுத்துவிடுவார். மூன்று தறி சும்மா நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆகவே உங்களுக்குத் தட்டுப்பாடு தறியில் இல்லை. விசைத்தறி இன்னும் வலப்பக்கம் போய்விட்டது. எட்மண்ட் கார்ட்ரைட் அதற்குக் காப்புரிமை எடுத்தது 1785இல். இன்று எந்த நாட்டிலும் காசு இருந்தால் எவரும் வாங்கலாம். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது மலிவுத் துணி வந்து நம் பக்கத்துத் தறிகள் எத்தனை நின்றன என்பதை உங்கள் மூத்தவாப்பா காலத்து ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

செய்முறைதான் உங்கள் வரைபடத்தில் எங்குமே இல்லாதது, உங்களிடம் அதிகம் இருப்பதும் அதுதான். நீலத் தொட்டியிலிருந்து நூல் கட்டைத் தூக்கும்போது அது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் படப் படத்தான் நீலமாகும். எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நிற்பது, எத்தனை முறை திரும்ப முக்குவது, இன்றைய ஈரக்காற்றுக்கு எவ்வளவு கூட்டிக் குறைப்பது என்பது பெரியவரின் கண்ணில் இருக்கிறது. பாவு பிணைப்பதும் அப்படியே. முடிந்துபோன பாவின் ஒவ்வொரு இழை நுனியையும் புதிய பாவின் இழையோடு விரலால் முறுக்கிச் சேர்க்கிறார்களே, அந்த விரலுக்கு அச்சடித்த பாடம் கிடையாது. வரைபடத்தில் இவை இரண்டையும் இடப்பக்கத்தில் வையுங்கள். போட்டியாளர் எவரும் நாளைக்கே காசு கொடுத்து வாங்க முடியாத சொத்து உங்களிடம் இவை மட்டும்தான். ஒரே ஒரு ஆளிடம் இருப்பதால் ஒரு காய்ச்சலில் இல்லாமல் போகக்கூடியவையும் இவைதான்.

தரவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. வாப்பா கொப்பி ஏதாவது விட்டுப்போயிருப்பார்: நூல் துண்டு ஒட்டிய பக்கம், யார் எத்தனை கேட்டார் என்ற குறிப்பு, பழைய பற்றுச்சீட்டுக் கட்டு. தேடிப் பாருங்கள். அது ஒழுங்கில்லாமல் கிடக்கும் தரவு, ஆனால் உங்களிடம் உள்ள எல்லாவற்றிலும் மிகக் குறைந்த செலவில் வலப்பக்கம் நகர்த்தக்கூடியது. ஒரு டிஜிட்டல் தராசும் போனும் போதும். ஒவ்வொரு சாயத் தொட்டிக்கும் நூலின் எடை, சாயம், உப்பு, சோடா எத்தனை கிராம், நேரம், அன்றைய வானிலை. காய்ந்த பிறகு வெளிச்சத்தில் ஒரு படம். அந்தத் துணி யாருக்குப் போனது, திரும்பி வந்ததா. இதை எப்போதும் ஒரே விதமாக, ஒரே கொப்பியில் எழுதுங்கள். நோன்புப் பெருநாளுக்கு முன் எந்த நிறம் எவ்வளவு போகும் என்று அடுத்த வருடம் உங்களால் சொல்ல முடியும். பெரியவரின் கண்ணில் இருப்பதில் ஒரு பகுதியாவது எழுத்தில் வந்திருக்கும். முழுவதும் வராது, அதற்கு ஆள் பழக வேண்டும்.

அறிவில் இரண்டைப் பிரித்து வையுங்கள். மருதமுனைச் சாறன் உழைக்கும் என்பது வாங்குபவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டது. அதற்கு நீங்கள் காசு செலவழிக்கத் தேவையில்லை. அறுகம்பேக்கும் பாசிக்குடாவுக்கும் வருகிறவர்கள் கைத்தறிக்குக் கூடுதல் விலை கொடுப்பார்கள் என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது கருதுகோள். சோதித்துப் பார்க்காமல் அதன்மேல் கடை கட்டக்கூடாது. அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பருவம் ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை ஓடும். ஒரு பருவத்துக்கு இரண்டு விடுதிகளில் கொஞ்சம் துணி வைத்துப் பார்த்தால் போதும்.

உறவு இந்தக் கோட்டில் ஒழுங்காக இடமிருந்து வலமாகப் போவதில்லை. அது கூடும், குறையும், ஒரே வாரத்தில் அறுந்தும் போகும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது நூல் விலை என்ன ஆனது, கடனுக்குத் தந்த நூல் வியாபாரிகளில் எத்தனை பேர் காசை வைத்துவிட்டு எடு என்றார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அப்போதும் கடனுக்குத் தந்தவர் ஒருவர் இருந்தால், அவர் பெயரை வரைபடத்தில் எழுதுங்கள். 2004 கடல்கோளுக்குப் பிறகு எல்லாவற்றையும் இழந்தும் திரும்பித் தறிக்கு வந்த நெசவாளர் எவராவது உங்களிடம் இருந்தால் அவருக்கும் ஓர் இடம். மறுபக்கம், கொழும்பு வியாபாரி ஒருவரையே நம்பி இருப்பதையும் ஒளிக்காமல் வரையுங்கள். உச்சியில் ஒரே ஒரு ஆள் நிற்கும் வரைபடம் எனக்குப் பயமாக இருக்கிறது.

பணம் இருப்பவற்றிலேயே வலது ஓரத்தில் இருப்பது. எவருடைய 18 லட்சமும் 18 லட்சம்தான். ஆனால் அதோடு வரும் நிபந்தனை ஒன்றல்ல. லீசிங் கம்பனியின் காசு மாதம் தவறாமல் வாசலில் வந்து நிற்கும். நுண்கடன் நம் மாவட்டங்களில் எத்தனை வீடுகளை உருக்கியது என்று தெரியும்தானே. சாச்சாவின் காசு காத்திருக்கும். காத்திருக்கக்கூடிய காசை, காத்திருந்தால்தான் பலன் தரும் இடத்தில் போட வேண்டும். ஆள் பழக்குவது அப்படிப்பட்ட இடம். மாதாமாதம் இலாபம் காட்டியாக வேண்டிய மெசின் அப்படிப்பட்ட இடமில்லை.

ஆகவே உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் இதுதான். விசைத்தறி வேண்டாம். மலிவுச் சாறனின் விலையை நீங்கள் தீர்மானிக்கப் போவதில்லை, பெரிய ஆலைகள் தீர்மானிக்கும். மின்சாரக் கட்டணமும் 2022 ஆகஸ்ட், 2023 பெப்ரவரி என்று இரண்டு தடவை ஏறியதைப் பார்த்தோம், அப்படி ஏறினால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. அதோடு, அதை விற்பவர் ஏன் விற்கிறார் என்று கேட்டீர்களா? கடை இப்போதைக்கு வேண்டாம். வாடகை இடம் என்றைக்கும் கிடைக்கும், முற்பணம் கட்டிப் பூட்டினால் அந்தக் காசு திரும்ப அசையாது. இணையத்தளத்துக்குப் பெரிய தொகை வேண்டாம். விற்பனைப் பக்கம் என்பது இன்று இலவசமாகவே கிடைக்கும் பண்டம். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படமும் வட்ஸ்அப்பும் தொடங்கப் போதும்.

என் கணக்கு இப்படி: சுமார் 7 லட்சத்துக்கு நூலும் சாயமும் இருப்பில் வையுங்கள், அடுத்த விலையேற்றத்தில் தறி நிற்காமல் இருக்க. 6 லட்சத்தை ஒரு வருடத்துக்குப் பிரித்து, பெரியவரிடம் இருவரைப் பழக்குவதற்கும் பெரியவருக்குக் கற்பிக்கும் சம்பளமாகவும் கொடுங்கள். வேலைக் கூலி வேறு, கற்பிக்கும் கூலி வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் அவருக்கு மனம் வராது, அது நியாயமும் இல்லை. பழகுபவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், பாவு பிணைக்கும் வேலை ஏற்கெனவே பெண்களின் கையில்தான் நிறைய இருக்கிறது. அவர்கள் பழகப் பழக நிற்கும் தறிகளும் ஓடும். அறுகம்பே சோதனைக்கு 1 லட்சம். மிச்சம் 4 லட்சத்தைத் தொடாதீர்கள். தொகைகளை நீங்கள் கூட்டிக் குறைக்கலாம். வரிசையை மாற்ற வேண்டாம்.

சாச்சாவிடம் இதை வாயால் சொல்லாமல் திருத்திய வரைபடத்தை வைத்துப் பேசுங்கள். வார்ட்லிக்கே நடந்த கதை இருக்கிறது. கணினித் திறன் மின்சாரம் போல வாடகைக்கு விற்கும் பண்டமாகும் என்று அவருடைய வரைபடம் முன்கூட்டியே காட்டியது. சிம்கி என்ற சேவையை அவருடைய குழு கட்டியது. 2006இல் அமேசான் அதே திசையில் இறங்கியது. ஆனால் ஃபொட்டாங்கோவின் தாய் நிறுவனம் வேறு வழியில் போனது, சிம்கி மூடப்பட்டது. வரைந்தவர் பார்த்ததைப் பணம் போடுபவரும் பார்த்திருக்க வேண்டும். சாச்சா பெருநாளுக்கு ஊருக்கு வருவாரானால் கூடத்துக்குள் கூட்டிப்போய், பெரியவர் சாயம் போடுவதைக் காட்டிவிட்டு வரைபடத்தை விரியுங்கள். இது கடனா, பங்கா, பங்கு என்றால் இலாபத்தில் எத்தனை வீதம், நட்டம் வந்தால் என்ன என்பதை அன்றே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குள் எழுதுவது அழகில்லை என்று உம்மா சொல்லக்கூடும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி மார்க்கமே சொல்லியிருப்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

விசைத்தறிக்காரருக்கு மாத முடிவு வரை காத்திருக்காமல் இன்றே இல்லை என்று சொல்லிவிடுங்கள், அவரும் வேறு ஆள் பார்க்கட்டும். பெரியவரைத் தனியாகப் பார்த்து, யாரைப் பழக்கினால் அவருக்குச் சரிவரும் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். ஆளைத் தெரிவு செய்வது அவராக இருக்கட்டும்.